ஒப்புப் பார்க்கிறவள்

பூரணம் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்து நாலாம் நாள், திங்கட்கிழமை. இராசாத்தி வழக்கத்தை விட அரைமணி நேரம் முந்தியே சுதுமலையிலிருந்து சைக்கிள் மிதித்து, தான் வேலை செய்யும் மானிப்பாய்க் கந்தோருக்கு வந்து சேர்ந்தாள்.

கந்தோர் ஒரு பழைய கல்வீடு. முன் அறை பிறக்கிராசியார் கிறிஸ்துநாயகத்துக்கு. காணிப் பத்திரங்களான உறுதிகள் அடிப்பது நடு அறையில். அதற்கு ஒரேயொரு யன்னல். யன்னலை மறைத்து ஒரு மாமரம். பட்டப்பகலிலும் அங்கே பொழுதுபட்டது போலத்தான் இருக்கும். பழைய தாளும் அரக்கும் கலந்த மணம் சுவரிலேயே ஊறியிருந்தது.

யன்னலோர மேசையில், பூப்போட்ட சேலைத்துண்டால் மூடியபடி இருந்தது அது.

கொம்பியூட்டர்.

"பட்டாபிஷேகத்துக்கு நேரத்தோடை வந்திட்டியள் போலை," என்றார் பியோன் ஏரம்பு, தண்ணீர்க் குடத்தை இறக்கியபடி. "கதிரைக்கு ஒரு தேங்காய் உடைப்பமோ பிள்ளை?"

"சும்மா இருங்கோ ஏரம்பண்ணை."

அவள் சிரிக்கவில்லை. மேசைக்கு முன்னால் இருந்த பூரணத்தின் கதிரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒன்பது மணிக்குப் பிறக்கிராசியார் கோட்டுக்கு வழக்குப் பேசப் புறப்படும் அவசரத்தில் வந்து, ஒரு கட்டுத் தாளை அவள் கையில் திணித்தார்.

"பராசக்தி தன்ரை மகளுக்கு எழுதிற சீதன உறுதி. நாளைக்குப் பத்து மணிக்குக் கையெழுத்து. கொம்பியூட்டரிலை பிழையில்லாமல் எடுத்துத் தாரும். தந்தால் அந்தக் கதிரை உம்மடை. இல்லாட்டில் அச்சுவேலியிலை கொம்பியூட்டர் படிச்ச பிள்ளை ஒண்டு இருக்காம். அவவைத்தான் கூப்பிட வேணும்."

"நான் செய்வன் சேர்."

"பூரணம் இருந்திருந்தால் எனக்கு இந்த யோசினையே இல்லை," என்று சொல்லிக்கொண்டே அவர் காரில் ஏறினார்.

பூரணம். செத்த பிறகும் பூரணம்!

பதினொரு வருடம் இருவரும் இதே அறையில் வேலை செய்தார்கள். உறுதி அடித்து முடிந்ததும் ஒப்புப் பார்ப்பது கந்தோர் வழக்கம். ஒருத்தி கைப்பிரதியைச் சத்தமாக வாசிக்க, மற்றவள் அடித்த பிரதியில் கண்ணை ஓட்டி, வரிக்கு வரி 'சரி' சொல்ல வேண்டும். வாசிக்கிறவள் எப்போதும் பூரணம். அவள் குரல் கோயில் மணிபோல இருக்கும். காற்புள்ளி வந்தால் பென்சிலால் மேசையில் ஒரு தட்டு. முற்றுப்புள்ளிக்கு இரண்டு. பதினொரு வருடமாக இராசாத்தி பேசிய ஒரே சொல் 'சரி'. வருகிற சனமும் வாசிக்கிறவளைத்தான் பார்த்து, "என்ன கணீரெண்ட குரல்!" என்று சொல்லிப் போகும்.

1986 தை மாதம், பிறக்கிராசியாரின் தம்பி கனடாவிலிருந்து கொம்பியூட்டர் அனுப்பினார். தமிழ் எழுத்து அடிக்கக்கூடிய பிளொப்பியும் கூடவே வந்தது. ஆறு கிழமை, ஒன்றரை மாதம், கொழும்பில் தங்கிப் பழகிவர அனுப்பப்பட்டவளும் பூரணம்தான். திரும்பி வந்தவள், படித்ததை எல்லாம் ஒரு நீலக் கொப்பியில் எழுதி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"எனக்கும் காட்டித் தாங்கோவன் அக்கா," என்று இராசாத்தி கேட்டாள்.

"ஆறுதலாய்ப் பாப்பம். நீர் இப்ப ஒப்புப் பாரும்."

ஒருநாள் லாச்சி பூட்டாமல் கிடந்தது. இராசாத்தி கொப்பியின் முதற் பக்கத்தைக் களவாக வாசித்தாள். பிளொப்பியை வளைக்கக் கூடாது. வெயிலில் வைக்கக் கூடாது. ஓட்டை போடவே கூடாது.

இரண்டு நாள் கழித்து ஏரம்பு ஒரு பிளொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். எழுபது உறுதிகள் அதற்குள் இருந்தன. பூரணத்தின் மூன்று மாத உழைப்பு. அந்தக் கந்தோரில் எந்தக் கடதாசி வந்தாலும் ஓட்டை போட்டு, நூல் கோத்து, கோவையில் கட்டி வைப்பதுதான் ஏரம்புவின் வேலை.

"பிள்ளை, உதையும் ஓட்டை போட்டுக் கோவையிலை கட்டவோ?"

இராசாத்தி தலையை நிமிர்த்தவே இல்லை.

"கட்டுங்கோ அண்ணை. வேறை என்ன செய்யிறது?"

அவ்வளவுதான் அவள் செய்தது.

எழுபது உறுதியும் அழிந்துபோனதில் பூரணம் அன்றைக்கு அழுததை நினைக்க அவளுக்கு இன்றைக்கும் ஒருவகை இனிப்பு இருந்தது. ஏரம்பு பாவம், 'தெரியாமல் செய்து போட்டன்' என்று பழியைத் தானே ஏற்றார். பூரணம் புதிய பிளொப்பி வாங்கக் கொழும்புக்குப் போனாள். திரும்பி வரும்போது வவுனியாவுக்கு இப்பால் பஸ் கவிழ்ந்தது. பூரணம் பெட்டியில்தான் வந்தாள். அவளுடைய கைப்பையும், அதற்குள் பிளொப்பியும், நீலக் கொப்பியும் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன.

இராசாத்தி இப்போது அந்தக் கதிரையில் இருந்தாள். கொப்பியில் உள்ளபடி பிளொப்பியைச் செருகினாள். இயந்திரம் கரகரத்தது. கறுத்த திரையில் பச்சைக்கட்டம் ஒன்று மினுங்கத் தொடங்கியது.

இவ்வளவுதானா? இதற்கா ஆறு கிழமை?

பன்னிரண்டு மணிக்குள் உறுதி முழுவதையும் அடித்து முடித்துவிட்டாள். ஏரம்பு சாப்பிடப் போய்விட்டார். தெருவில் ஒரு பஸ் போய், அதன் இரைச்சல் அடங்கியது. மாமரத்தில் ஓர் இலை அசையவில்லை. உச்சி வெயில் வெளியே கொதிக்க, அறைக்குள் மட்டும் கிணற்றடிக் குளிர்.

இனி ஒப்புப் பார்க்க வேண்டும். ஆளில்லை. அவளே கைப்பிரதியைத் தூக்கி, தன் மெல்லிய குரலில் வாசிக்கத் தொடங்கினாள்.

"ஆனைக்கோட்டையில் உள்ள காணி, பரப்பு ஆறு..."

டக்.

அவள் நிறுத்தினாள். பல்லியாக இருக்கும்.

"...கிழக்கே ஒழுங்கை, வடக்கே முருகேசு காணி..."

டக். டக்.

காற்புள்ளிக்கு ஒன்று. அடுத்த காற்புள்ளிக்கு ஒன்று.

கோடாலித் தைலத்தின் மணம் வந்தது. பூரணம் தலையிடிக்கு நெற்றியில் தடவுகிற தைலம்.

இராசாத்தி வாசிப்பதை நிறுத்தினாள். ஆனால் வாசிப்பு நிற்கவில்லை. அவள் நிறுத்திய இடத்திலிருந்து, அவளுடைய வலது தோளுக்குப் பின்னால் இருந்து, வேறொரு குரல் அதைத் தொடர்ந்தது.

கணீரென்ற குரல்.

"...பங்குக் கிணற்றில் காற்பங்கும் வழிவாய்க்காலும்."

டக் டக்.

திரையில் பச்சைக்கட்டம் தானாக நகர்ந்தது. வரி வரியாக மேலே ஏறி ஓர் இடத்தில் நின்றது. 'அரைப்பங்கு' என்று அடித்திருந்தாள் இராசாத்தி. கிணற்றில் காற்பங்கை அரைப்பங்கு ஆக்கினால் ஒழுங்கைக்கு இரண்டு பக்கமும் மூன்று தலைமுறை வெட்டுக்குத்து நடக்கும்.

"பிழை," என்றது குரல்.

பயத்தில் எழும்பி ஓடியிருக்க வேண்டும். ஆனால் பயத்தை முந்திக்கொண்டு இன்னொன்று அவள் நெஞ்சில் பற்றி எரிந்தது.

செத்தும் என்னுடைய பிழையைப் பிடிக்கிறாளே!

"அக்கா," என்றாள் இராசாத்தி, திரும்பிப் பாராமல். பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாக. "உங்களுக்கு இனி இஞ்சை வேலை இல்லை. இது என்ரை கதிரை. எழும்பிப் போங்கோ."

தைல மணம் மறைந்தது.

அவள் காற்பங்கு என்று திருத்தினாள். வெற்றிதான். மூச்சு விட்டாள்.

அப்போது திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

உறுதியின் கடைசியில் நொத்தாரிசான பிறக்கிராசியாரின் அத்தாட்சி இருக்கும். வாசிப்பதற்கு முன் எந்தப் பக்கத்தில், எந்த வரியில், எந்தச் சொல் வெட்டப்பட்டது என்று அதில் ஒளிக்காமல் எழுத வேண்டும். சட்டம் அது. அந்த இடத்தில்தான் எழுத்துகள் வந்தன.

'இரண்டாம் பக்கம் ஏழாம் வரியில் அரைப்பங்கு என்ற சொல் வெட்டப்பட்டது என்றும்...'

பிறகு ஓர் இடைவெளி.

'பிளொப்பியில் ஓட்டை போடக் கூடாது என்று வாசித்து அறிந்திருந்தும், போடும்படி ஏரம்புவுக்குச் சொன்னவர் சுதுமலை இராசாத்தி என்றும்...'

அவள் அதை அழித்தாள். மறுபடி வந்தது. அழித்தாள். வந்தது. மூன்றாம் முறை அழித்ததும் வரவில்லை. உடனே பிறின்ரரை ஓடவிட்டாள். அது கீச்சிட்டுக் கீச்சிட்டுத் தாளைத் துப்பியது. ஆறு பக்கத்தையும் எழுத்தெண்ணி வாசித்தாள். ஒரு பிழை இல்லை. தேவையில்லாத ஒரு சொல் இல்லை.

கொம்பியூட்டரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிப் போட்டாள்.

மறுநாள் பத்து மணிக்குப் பராசக்தி மகளோடு வந்தாள். தாய்க்கும் மகளுக்கும் முன்னால் பிறக்கிராசியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைத் தடவிப் பார்த்தார்.

"அச்சடிச்ச மாதிரி இருக்குது. கெட்டிக்காரி!"

பதினொரு வருடத்தில் முதல்முறை. இராசாத்தியின் காது சூடாகியது. பின் விறாந்தையிலிருந்து ஏரம்பு எட்டிப் பார்த்து, தேங்காய் உடைப்பது போலக் கையால் காட்டினார்.

உறுதியை வாசித்து விளங்கப்படுத்திய பிறகுதான் கையெழுத்து. பிறக்கிராசியார் வாசிக்கத் தொடங்கினார். ஆறு பரப்பு. ஒழுங்கை. முருகேசு காணி. காற்பங்குக் கிணறு. பராசக்தி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள்.

கடைசிப் பக்கத்தின் நடுவில் பிறக்கிராசியார் நிறுத்தினார்.

"நீர் ஏன் பிள்ளை கூட வாசிக்கிறீர்?"

"நானோ?" என்று கேட்க நினைத்தாள் இராசாத்தி.

கேட்க முடியவில்லை. அவளுடைய வாய் ஏற்கெனவே அசைந்துகொண்டிருந்தது.

அதிலிருந்து வந்தது கோயில் மணிக் குரல்.

"...இரண்டாம் பக்கம் ஏழாம் வரியில் அரைப்பங்கு என்ற சொல் வெட்டப்பட்டது என்றும்," என்றது அவள் வாய். அவளுடைய விரல் தானாக வளைந்து மேசையில் ஒருமுறை தட்டியது. "பிளொப்பியில் ஓட்டை போடக் கூடாது என்று வாசித்து அறிந்திருந்தும், போடும்படி ஏரம்புவுக்குச் சொன்னவர் சுதுமலை இராசாத்தி என்றும், அதனால் இரண்டாம் தரம் கொழும்புக்குப் போனவர் பூரணம் என்றும்..."

பராசக்தி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"ஐயோ, உது ஆரின்ரை குரல்?"

இராசாத்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். விரல்களுக்கிடையால் குரல் வழிந்தது.

"...நான் அத்தாட்சிப்படுத்துகிறேன்."

விரல் கன்னத்தில் இரண்டு முறை தட்டியது.

மாமரத்தில் ஒரு காகம் கரைந்தது.

பிறக்கிராசியார் விறாந்தைப் பக்கம் திரும்பினார். "ஏரம்பு, உண்மையோ?"

ஏரம்பு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "பிள்ளையும் தெரியாமல்தான் சொன்னதெண்டு நினைச்சன் ஐயா. அதாலைதான் நான் ஆருக்கும் சொல்லேல்லை."

பிறக்கிராசியார் பேனையை மெதுவாக மூடினார்.

"வீட்டை போம்," என்றார். "இனி வர வேண்டாம்."

இராசாத்தி ஏதோ சொல்ல வாய் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

அன்றைக்குப் போன குரல் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்த டொக்டர், ஒரு குறையும் இல்லை என்றார். இணுவிலில் மந்திரித்து நூல் கட்டினார்கள். பயனில்லை.

இருபது நாள் கழித்து, ஒரு மத்தியானத்துக்குச் சற்று முன், ஏரம்பு சைக்கிளில் அவள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். படலையடியிலேயே தயங்கி நின்றவரை அவள் சைகையால் உள்ளே கூப்பிட்டாள்.

"கோபமில்லைத்தானே பிள்ளை?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"ஐயா அந்தக் கொம்பியூட்டரைக் கரவெட்டியிலை அருளம்பலம் பிறக்கிராசியாருக்கு வித்துப்போட்டார். நான்தான் வானிலை கொண்டுபோய் இறக்கினனான். நேற்று அவையள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டவை." ஏரம்பு குரலைத் தாழ்த்தினார். "அங்கை உச்சிப் பொழுதிலை, அந்த அறையிலை ஆரும் இல்லாத நேரம், ரெண்டு பொம்பிளையள் கதைக்கினமாம். போய் நிண்டு கேட்டன். மெய்தான். உறுதி வாசிச்சு ஒப்புப் பாக்கினம். ஒராள் வாசிக்கிறா. மற்றாள் 'சரி, சரி' எண்டு மட்டும் சொல்லுறா."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வாழைப்பழச் சீப்பையே பார்த்தார்.

"அதிலை ஒரு குரல் உங்கடை, பிள்ளை."

இராசாத்தி பென்சிலை எடுத்தாள். அழவில்லை. பழைய கொப்பித் தாள் ஒன்றில் அவசரமாக எழுதி அவர் முன் நீட்டினாள்.

'எது என்ரை? வாசிக்கிறதோ?'

ஏரம்பு அதை இரண்டு தரம் வாசித்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்தவர் போல இருந்தார்.

"வாசிக்கிறது பூரணம், பிள்ளை," என்றார் கடைசியில்.

அவள் கண்களில் எழுந்ததைப் பார்த்து அவர் ஓரடி பின்வாங்கினார். அது பயம் அல்ல, அந்தப் பழைய எரிச்சல்.

தூரத்துத் தேவாலயத்தில் பன்னிரண்டு அடித்தது.

இராசாத்தியின் உதடுகள் 'சரி' சொல்வது போலச் சத்தமில்லாமல் ஒருமுறை திறந்து மூடின. ஒரு வரி வாசிக்க எடுக்கும் நேரம் சென்றது. மறுபடி திறந்து மூடின. அவள் இரண்டு கையாலும் தாடையை இறுக்கிப் பிடித்தாள்.

அடுத்த வரிக்கும் அவை திறந்தன.