கிருத்திகா சொல்லாத பெயர்

முதலிபாளையம் தொழிற்பேட்டை வாசலில் அன்றைக்குப் பிடித்த மழையில், இரண்டு பேர் ஒரே தகரக் கூரைக்கு ஓடினார்கள். ஒருத்தி எங்கள் தெரு ஞானசம்பந்தத்தின் மகள் கிருத்திகா, பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். இன்னொருத்தன்... ஜப்பான்காரன்! அவள் குடைக்கம்பி அவன் நெற்றியில் இடித்தது.

"கண்ணு தெரியலீங்களா?"

"தெரியுதுங்க. குடைதான் பெருசுங்க" என்றான், அச்சு அசலாக நம்மூர்த் தமிழில்.

அவள் சிரித்துவிட்டாள்... நனைந்த இமைகளுக்குக் கீழே இரண்டு கண்களும் பளிச்சிட்டன. அதோடு பையன் காலி! எல்லாம் வாட்ச்மேன் கிட்டுசாமி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவருக்குக் காது கொஞ்சம் நீளம்.

பையன் பெயர் மொரிதா நவோகி. ஜப்பானுக்குப் போகும் சரக்கைச் சோதிக்க வந்தவன். டெய்லர்களிடம் தமிழ் பழகியவன். எல்லோருக்கும் அவன் மொரிதா சார். அது குடும்பப் பெயர். கிருத்திகாவும் "மொரிதா சார், இந்தத் தையல் சரிங்களா?" என்று நாளுக்கு நாற்பது தடவை கேட்பாள். தையலில் ஒரு குறையும் இருக்காது!

கார்த்திகையில் ஒரு சாயங்காலம், பேக்கரியில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"கிருத்திகா... என்னை நவோகின்னு கூப்பிடுறீங்களா?"

"ஏனுங்க, மொரிதாவுக்கு என்ன கேடு?"

"அது ஆபீசுக்குங்க. நவோகின்னு எங்க ஊட்ல மட்டுந்தான் கூப்பிடுவாங்க. வெளியாளுங்க சொல்ல மாட்டாங்க. நீங்க... சொல்லணுமுங்க."

அவள் காது மடல் வரை சிவந்துபோய், ஆறின டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.

மறுநாள் முதல் நவோகியும் இல்லை, மொரிதாவும் இல்லை. கூப்பிடுவதெல்லாம் வெறும் "ஏனுங்க"!

அவள் அம்மா சுப்பாத்தாளிடம் ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டால், பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வாள். புருஷன் பெயரை வாயால் சொல்வது அந்த வீட்டில் வழக்கமில்லை. மகள் மனசுக்குள் தாலியே ஏறிவிட்டது போலிருக்கிறது! ஆனால் அவனுக்கு எப்படித் தெரியும், பாவம்? கிட்டுசாமிக்கும் "ஏனுங்க"தான், பஸ் கண்டக்டருக்கும் "ஏனுங்க"தான்.

மூன்று மாதம் காது கொடுத்துக் காத்திருந்தான். வேண்டாம் என்பதைத்தான் இப்படி மரியாதையாகச் சொல்கிறாள் என்று நினைத்து, மாற்றல் கேட்டுவிட்டான். அவளுக்கோ ரோசம்... பேரைக் கொடுத்தவர் ஊட்டுக்கு வந்து பொண்ணு கேட்கலையே!

கடைசி நாள். கேட்டில் கார் நின்றது. அவள் வந்ததும் அவன் இடுப்பு வளையக் குனிந்தான்.

"பேரைச் சொல்லச் சொல்லிச் சங்கடப்படுத்திட்டேன். மன்னிச்சுக்குங்க."

"சங்கடமா? எங்கம்மா முப்பது வருசமா எங்கப்பா பேரைச் சொன்னதில்லீங்க. கட்டிக்கப்போறவருன்னு நினைச்சுத்தானுங்க... நானும் சொல்லலை."

அவன் நிமிரவேயில்லை.

"போன வாரம்... ஊர்ல அம்மா பார்த்த பொண்ணுக்குச் சரின்னு சொல்லிட்டேனுங்க."

கிட்டுசாமி திரும்பிக்கொண்டாராம். அவரே!

கிருத்திகா துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அவன் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"அப்ப... இனிமே சொல்லலாமுங்க. பத்திரமாப் போயிட்டு வாங்க... நவோகி."