கடுகு: நான்கு குறிப்புகள்

கடுகு என்று தேடியபோது கைப்பேசி நான்கு குறிப்புகளைக் காட்டியது. ஹிசாஷி கடுகு போட்டது மூன்று முறைதான்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையை மூக்கருகே கொண்டுவந்து மறுபடி எண்ணினார். நான்கு. சமையல் மேடையில் ஒலிபெருக்கியில் கிடந்த வீட்டுத் தொலைபேசி இருமியது.

"என்னங்க, இன்னுமா தேடுறீங்க?"

"இரு இட்சுகோ. நாலு காட்டுது."

"நாலா? ஒரே மாசத்துல நாலு தடவை கடுகு கொட்டினா தவிடு என்னத்துக்கு ஆகும்? முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டின மனுஷனுக்கு மூணுக்கும் நாலுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"மூணுதான் போட்டேன்."

"அப்ப மிஷின் பொய் சொல்லுதாக்கும். சரி, போய்க் கிளறுங்க. வெறுங்கையால. உறை மாட்டினா படத்துலயே எனக்குத் தெரிஞ்சிடும்."

வைத்துவிட்டாள். இட்சுகோ குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு ஆற்றுக்கு அப்பால் மருத்துவமனையில் படுத்து ஐந்து வாரம் ஆகிறது. மாத முடிவில் திரும்பிவிடுவாள். அதுவரை அவர் பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றைத்தான்: சமையலறை மூலையில் இருக்கும் தவிட்டுத் தொட்டியை. ஊறுகாய் போட, உப்பும் கடுகும் மத்தி மீன் தலையும் சேர்த்துப் புளிக்க வைத்த அரிசித் தவிடு; கல்யாணத்தன்று அவளுடைய அம்மா தன் தொட்டியிலிருந்து அள்ளிக் கொடுத்தது. நாற்பத்தொரு வருடமாக இட்சுகோவின் வலது கை தினமும் அதற்குள் போய் வந்திருக்கிறது. ஒரு நாள் விட்டாலும் கெட்டுவிடும். வெள்ளரியும் முள்ளங்கியும் ஒரு ராத்திரி அதில் புதைந்து கிடந்து மறுநாள் காலை சோற்றுக்குத் துணையாக வரும் என்பதைத் தவிர ஹிசாஷிக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அதனால்தான் நகோயாவிலிருந்து மகள் மடோகா இந்தக் குறிப்புச் செயலியை அவர் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தாள். மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு குறிப்பேடு. அப்பா தினமும் கிளறியதும் ஒரு படம் எடுத்து, என்ன போட்டார் என்று எழுத வேண்டும். அம்மா படுக்கையில் இருந்தபடியே பார்ப்பாள். கூட்டல் குறியை அழுத்தினால் புதுக் குறிப்பு. முதல் நாள் அவர் கேமரா மேலே பார்க்கும்படி கைப்பேசியைப் பிடித்து அழுத்தினார். "அப்பா, இன்னிக்குக் கூரையைக் கிளறினீங்களா?" என்று மடோகா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலமாகியிருந்தது. நாற்பது வயது. இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவது இப்போது ஐந்தாம் மாதம்.

"தேடற இடத்துல எந்த வார்த்தையைப் போட்டாலும் வரும்ப்பா. படத்துக்குள்ள இருக்கற எழுத்தைக்கூட அது படிச்சிடும், பாருங்க" என்று அவள்தான் சொல்லிக் கொடுத்தாள்.

அது படித்திருந்தது. முதல் இரண்டு குறிப்புகளிலும் கடுகு என்று அவரே எழுதியிருந்தார். மூன்றாவதில் கடுகுத்தூள் பொட்டலத்தின் படம். அச்சிட்ட எழுத்துகளின் மேல், தேடிய வார்த்தை கிடைத்த இடம் இது என்று செயலி போட்ட மஞ்சள் கட்டம். நான்காவது, ஜூன் ஒன்பதாம் தேதிப் படம். அதில் பொட்டலம் இல்லை. எழுத்தும் இல்லை. கிளறி முடித்து உள்ளங்கையால் தட்டிச் சமன்செய்த ஈரத் தவிடு மட்டும். அதன் நடுவில், விரல் பட்டு வெடித்த ஒரு கீறலின் மேல் மஞ்சள் கட்டம்.

மிஷின்தானே, குழம்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு தொட்டியின் மூடியைத் திறந்தார்.

வெளியே காலையிலிருந்து நிற்காத மழை, ஐந்து மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. ஜன்னலை மூடி வைத்த சமையலறையில் அந்த வாடை அவசரமே இல்லாமல் எழுந்து வந்து, முதலில் புளிப்பாக, பிறகு நாள் முழுக்கக் காலணிக்குள் வெந்த காலுறை போல, அதற்கும் அடியில் தூங்கி எழுந்த ஒருவர் முகத்துக்கு நேரே வாய் திறந்து பேசும்போது வரும் வெதுவெதுப்போடு அவர் மூக்கில் வந்து உட்கார்ந்தது. மேல்பரப்பில் பாலாடை மாதிரி வெள்ளைப் படலம் சுருக்கம் விழுந்து கிடந்தது. ஓரங்களில் பழுப்பு நீர் ஊறி நின்றது. ஒரு குமிழி மெதுவாக உப்பி, நெடுநேரம் அப்படியே நின்று, சத்தமில்லாமல் அமுங்கியது.

வலது கையை மணிக்கட்டுவரை இறக்கினார். மேலே குளிர்ச்சி, உள்ளே சூடு. யாரோ ஒருவரின் கன்னத்துக்குள் கைவிட்டது போன்ற, வழுவழுப்பான, அழுத்தினால் திருப்பி அழுத்துகிற சூடு. அடியைப் புரட்டி மேலே கொண்டுவந்தார். ஊறிக் கரைந்த மத்தி மீன் தலை ஒன்று விரலிடுக்கில் நழுவிப் போனது. கையை உருவியபோது தவிடு அதை விட மனமில்லாமல் சப்பென்று சப்பியது. நகக்கண்களில் நிறைந்திருந்ததைக் குச்சியால் தோண்டினார். மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை. இப்போதெல்லாம் தலையணையில்கூட அது இருக்கிறது.

படம் எடுத்தார். ஜூன் இருபத்து நான்கு என்று எழுதினார். பிறகு, சும்மா, தேடும் இடத்தில் உப்பு என்று தட்டினார்.

அவர் எழுதிய குறிப்புகள் வந்தன. அவற்றோடு, எழுத்தே இல்லாத ஆறு தவிட்டுப் படங்கள். ஆறிலும் மஞ்சள் கட்டம்.

வெள்ளரி என்று தட்டினார். அவர் எழுதியவை மட்டும். முள்ளங்கி, கத்தரிக்காய். அவையும் அப்படியே. பஸ், மழை, பூனை. ஒன்றுமில்லை. மிளகாய் என்றதும் தவிட்டுப் படங்கள் வந்தன. மத்தி என்றதும் வந்தன.

ஊறப்போட்டுத் திரும்ப எடுத்த எதுவும் அந்தப் படங்களில் இல்லை. போட்டு, உள்ளேயே விட்டவை மட்டும் இருந்தன. தனக்குக் கொடுத்ததையெல்லாம் தவிடு தன் மேல் எழுதி வைத்திருக்கிறது. மிஷின் அதை வாசித்திருக்கிறது.

ஹிசாஷி நாற்காலியில் உட்கார்ந்தார். வேறொன்றும் உள்ளே போயிருந்தது. அதை அவர் எந்தக் குறிப்பிலும் எழுதவில்லை.

ஜூன் மூன்றாம் தேதி. மீன் டப்பாவின் தகர மூடி வலது ஆள்காட்டி விரலை ஆழமாகக் கிழித்தது. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு, ஒரு நாள்கூட விடக் கூடாது என்று இட்சுகோ சொன்னதை நினைத்துக்கொண்டு, அதே கையைத் தொட்டிக்குள் விட்டார். வெளியே எடுத்தபோது விரலில் பிளாஸ்டர் இல்லை. வெட்டுவாய் வெளுத்து, கழுவியது போல் சுத்தமாக, ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் திறந்திருந்தது. அரை மணி நேரம் தோண்டினார். அகப்படவே இல்லை. சொன்னால் இட்சுகோ தொட்டியைக் கொட்டச் சொல்வாள். நாற்பத்தொரு வருடம். அவர் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மடோகா கூப்பிட்டாள். சோற்றின் ஆவி பட்டாலே குமட்டுகிறதாம். வீட்டுத் தவிட்டு ஊறுகாய் ஒன்றுதான் வேண்டும் என்று தோன்றுகிறதாம். ஒரு வெள்ளைப் பெட்டியில் பாதித் தவிட்டை அள்ளி, குளிர்பெட்டித் தபாலில் அவரேதான் அனுப்பி வைத்தார்.

தேடும் இடத்தில் ரத்தம் என்று தட்டினார்.

இருபத்திரண்டு.

மூன்றாம் தேதியிலிருந்து இன்று வரை ஒரு நாள் தவறாமல். மூன்றாம் தேதிப் படத்தில் மஞ்சள் கட்டம் ஓர் அரிசியளவு. பத்தாம் தேதிப் படத்தில் கட்டைவிரல் அளவு. இன்றைய படத்தில் தொட்டியின் ஓரம் முதல் ஓரம் வரை.

மிஷின் கோளாறு. சோதித்துப் பார்த்துவிடலாம். கைப்பேசியைத் தூக்கிச் சுவரைப் படம் எடுத்தார். இருபத்திரண்டு. தரைப்பாயை எடுத்தார். இருபத்திரண்டு. மேஜைமேல் காலையில் மிச்சம் வைத்த வெள்ளரித் துண்டு இருந்தது. எடுத்தார்.

இருபத்து மூன்று.

துண்டின் ஈர நடுவில், விதைகளுக்கு மேல், கட்டம்.

மூன்று வாரமாக அதைத்தான் தின்கிறார். மூன்று வேளையும்.

வலது உள்ளங்கையை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். ஊறி வெளுத்த தோல். ரேகைகளுக்குள் தவிட்டு நிறம். எடுத்தார். இருபத்து நான்கு.

குளியலறைக் கண்ணாடிக்குப் போனார். போகாமல் இருந்திருக்கலாம். வாயைத் திறந்தார். வாடை கண்ணாடியில் மோதித் திரும்பியது. அதே வாடை. நாக்கை நீட்டினார். அதன் மேல் வெள்ளைப் படலம். பாலாடை மாதிரி. நடுவில் சுருக்கம் விழுந்து. தொண்டைக்குக் கிட்டே ஒரு குமிழி. உப்பியது. நின்றது. அமுங்கியது.

படம் எடுத்தார்.

இருபத்தைந்து.

கழுவுதொட்டியில் குனிந்து வாந்தியெடுத்தார். வந்தது பழுப்பு நீர். தவிட்டுத் துகள்கள். வாயைத் துடைக்கக்கூட நிற்காமல் வீட்டுத் தொலைபேசிக்கு ஓடினார்.

மடோகா இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தாள். நறுக், நறுக் என்று கேட்டது.

"அப்பா! நூறு ஆயுசு உங்களுக்கு. இப்பத்தான் நானே கூப்பிடலாம்னு இருந்தேன்."

"என்ன சாப்பிடுற?"

"வேற என்ன, வெள்ளரிதான். இது ஒண்ணுதான்ப்பா வயித்துல நிக்குது. உள்ள இருக்கற ஆளுக்கும் பிடிச்சிருக்கு போல. ஒரு துண்டு போனா போதும், உடனே உதைக்குது."

"துப்பு."

"என்னது?"

"துப்பிடு, மடோகா. அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடு. இப்பவே. கை வைக்காத, குச்சியால..."

"அம்மா கேட்டா உங்களை அந்தப் பெட்டியிலேயே ஊறப் போட்டுடுவாங்க." சிரித்தாள். பிறகு அவள் குரல் இறங்கியது. "என்னப்பா, கெட்டுப் போச்சா? இங்க நல்லாத்தான் இருக்கு. காலைலகூட கைவிட்டுக் கிளறினேன். என்னாச்சு உங்களுக்கு, மூச்சு வாங்குது?"

"என் கை வெட்டுப்பட்டிருந்துச்சு. மூணாம் தேதி. நான் யாருக்கும் சொல்லல."

மெல்லும் சத்தம் நின்றது. பிறகு விழுங்கும் சத்தம்.

"அய்யோ அப்பா, அவ்ளோதானா? நான் பயந்தே போயிட்டேன். உப்புல அதெல்லாம் எப்பவோ செத்திருக்கும். அதை விடுங்க. இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேன். நம்ம குறிப்பேட்டுல ரெண்டு படம் போட்டிருக்கேன், பாருங்க. முதல்ல என் தவிடு. எவ்ளோ அழகா இருக்குன்னு நீங்களே பார்த்துட்டுத் தூக்கிப் போடச் சொல்லுங்க. ரெண்டாவதுதான் முக்கியம். அம்மாவுக்குக்கூட இன்னும் சொல்லல."

இடது கையில் கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. தேடும் இடத்தில் அவர் தட்டிய வார்த்தை இன்னும் அப்படியே இருந்தது. அவர் எதையும் தொடவில்லை.

இருபத்தாறு. வெள்ளைப் பெட்டி. தட்டிச் சமன்செய்த தவிடு. ஓரம் முதல் ஓரம் வரை மஞ்சள்.

"வந்துச்சாப்பா?"

மறுபடி அதிர்ந்தது.

இருபத்தேழு.

கறுப்புப் படம். மேலே வெள்ளை எழுத்தில் மடோகாவின் பெயரும் தேதியும் அச்சாகியிருந்தன. அவற்றின் மேல் கட்டம் இல்லை. அதற்குக் கீழே, விசிறி போல் விரிந்த சாம்பல் நிறம். நனைந்த தவிடு மாதிரி துகள் துகளாக. அதற்குள் ஒரு தலை. மடக்கிய முழங்கால். வாயருகே கொண்டுபோன ஒரு கை.

"தெரியுதாப்பா? விரலைச் சப்புது பாருங்க."

அந்தச் சின்ன வாயின் மேல், சரியாக அதன் அளவுக்கு, மஞ்சள் கட்டம்.