குழாயில் வாய் வைக்காதீர்கள்

மதியச் சாப்பாடு முடிந்து கண் சொருகும் நேரத்தில்தான் பாதுகாப்புப் பயிற்சிக்கு இடம் கொடுப்பார்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இதே கதைதான். கையுறை அக்கா அதற்கெல்லாம் கோபப்பட்டு ஓய்ந்துவிட்டாள்.

அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டதில் அவளுடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது. நர்ஸாக இருந்தவள். முட்டி தேய்ந்ததும் வார்டை விட்டுவிட்டு, கையுறையோடு முகத்தைத் தொடாதே, குத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடாதே என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சொல்லித் திரியும் வேலைக்கு வந்தாள். செவிடன் காதில் சங்கு ஊதவும் சம்பளம் தருகிறார்கள் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். இப்போதெல்லாம் அந்தச் சிரிப்பும் குறைந்துவிட்டது.

அன்றைக்கு அவள் போனது ஒரு பழைய மருத்துவமனையின் கீழ்த்தள ஆய்வகத்துக்கு. அவள் தங்கை அங்கே வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அம்மா போன பிறகு தாய்க்குத் தாயாக இருந்து வளர்த்த தங்கை. வேலை கிடைத்த அன்று அவளைவிட அக்காதான் அதிகம் அழுதாள்.

படி இறங்கும்போதே பினாயில் நெடி மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. நீண்ட நாள் காய்ச்சலில் கிடப்பவரின் வாயிலிருந்து வருமே, அந்த வாடை. ஜன்னலே இல்லாத அறை. எங்கோ ஒரு குளிர்பெட்டி உறுமி உறுமி அடங்கியது.

"வாங்க மேடம், சீக்கிரம் முடிச்சிடலாமா?" என்றார் ஆய்வகத் தலைவர். 'அவசரம் சார்' என்று சும்மாவா பெயர் வைத்திருந்தார்கள்!

தங்கை மூலையில் இருந்த மேசையிலிருந்து கையசைத்தாள். முகம் இளைத்திருந்தது.

"சாப்பிடறியாடி?"

"வாய்க்கு எதுவுமே பிடிக்கலக்கா. கசக்குது."

வேலைப்பளு என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

பயிற்சி எளிமையானது. சாய நீர் நிரப்பிய புட்டியை ஆளுக்கொன்று கொடுப்பாள். பார்வைக்கு வெறும் தண்ணீர்தான், ஊதா விளக்கு பட்டால் மட்டும் பச்சையாக ஒளிரும். நோயாளியின் ரத்தம் என்று நினைத்துக்கொண்டு அதைக் கண்ணாடிக் குழாயால் எடுத்துச் சின்னச் சின்னக் குப்பிகளில் விட வேண்டும். குழாயின் தலையில் ரப்பர் உருண்டை இருக்கும். அதை அமுக்கி விட்டால் நீர் ஏறிவிடும். முன்பு ரப்பர் உருண்டை கிடையாது. வாயை வைத்தே உறிஞ்சுவார்கள். கொஞ்சம் கவனம் பிசகினால் நோயாளியின் ரத்தம் நாக்கில் இருக்கும்.

வேலை பாதியில் இருக்கும்போது அக்கா தன் கைப்பேசியிலிருந்து ஆய்வகத் தொலைபேசிக்கு அழைத்தாள். ஒருவர் கையுறையைக் கழற்றாமலே ஓடிப் போய் எடுத்தார். எல்லா ஊரிலும் அப்படித்தான்.

முடிந்ததும் விளக்கை அணைத்து ஊதா விளக்கைச் சுழற்றினாள்.

தொலைபேசி பச்சையாக ஒளிர்ந்தது. கதவுப்பிடி ஒளிர்ந்தது. அவசரம் சாரின் மூக்கு நுனி ஒளிர்ந்ததும் அறையே கொல்லென்று சிரித்தது. விளக்கொளி மூலைக்குப் போனது.

தங்கையின் உதடுகள் பளிச்சென்று எரிந்தன.

"வாய் வச்சியாடி?"

"இல்லக்கா! சத்தியமா இல்ல."

பொய் சொன்னால் அவளுக்குக் காது சிவக்கும். விளக்கைப் போட்டுப் பார்த்தாள். காது சிவக்கவில்லை.

"இன்னொரு தடவை செய். நான் பக்கத்துல நிக்கறேன்."

தங்கை ரப்பர் உருண்டையை ஒழுங்காகப் பொருத்தினாள். நீரை ஏற்றினாள், குப்பியில் விட்டாள். இரண்டாவது முறை புட்டியில் குழாயை விட்டதும் அவள் கண்கள் ஒரே இடத்தில் நிலைத்தன. கை தானாக ரப்பர் உருண்டையைக் கழற்றி வைத்தது.

குழாய் உதட்டுக்குப் போனது.

அக்கா ஓங்கி ஓர் அடி அடித்தாள். குழாய் தரையில் விழுந்து உடைந்தது.

"ஏங்க்கா அடிச்சே?" தங்கை விழித்தாள். "நான் என்ன பண்ணேன்?"

அவளுக்குத் தெரியவே இல்லை. சாய நீரில் இப்படிச் செய்பவள் தினமும் எதையெல்லாம் உறிஞ்சியிருப்பாள்? இந்த மேசைக்கு வருவது முழுக்க மஞ்சள்காமாலை நோயாளிகளின் ரத்தம்.

"மேல போய் ரத்தம் குடுத்து டெஸ்ட் பண்ணு. இப்பவே போ. இந்த நாற்காலியில இனி உட்காரக் கூடாது."

தங்கையைத் தொடர்ந்து மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். எஞ்சியது அவசரம் சார் மட்டும். முதல் முறையாக அவருக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.

"அந்த இடத்துல ஒருத்தர் இருந்தார் மேடம்," என்று கிசுகிசுத்தார். "வாயாலதான் உறிஞ்சுவார். ரப்பர் உருண்டை வாங்கித் தரச் சொல்லி அவரே நடையா நடந்தார். வந்தபாடில்ல. காமாலை வந்து போய்ச் சேர்ந்துட்டார். அவருக்கு அப்புறம் உட்கார்ந்த ரெண்டு பேரும் படுத்துட்டாங்க. ஒருத்தர் எழுந்திருக்கல."

"தெரிஞ்சேதான் எந்தங்கச்சிய அங்க உட்கார வச்சீங்களா?"

பளார் என்று ஒன்று வைக்கலாமா என்று வந்தது. கையைத் தூக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அந்த நாற்காலியை ஊதா விளக்கில் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போய் விளக்கை அணைத்தாள்.

இருட்டில் குளிர்பெட்டியும் அடங்கிப்போனது.

அந்த வாடை நெருங்கி வந்தது.

சொர்ர்ர்... கண்ணாடிக் குழாயில் நீர் ஏறும் ஓசை.

அவள் ஊதா விளக்கை மூலைக்குத் திருப்பினாள். நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் உட்கார்ந்தவரின் முகம் இருக்க வேண்டிய உயரத்தில் ஒரு வாய் இருந்தது.

வாய் மட்டும்.

பச்சை உதடுகள் குவிந்திருந்தன. குவிந்தன, விரிந்தன, மறுபடி குவிந்தன. பின்னால் அவசரம் சார் கதவில் மோதிக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது.

அக்காவுக்கும் ஓடத்தான் தோன்றியது. முட்டி ஒத்துழைக்கவில்லை. அதோடு, ஓடினால் நாளைக்கு அந்த நாற்காலியில் வேறு யாரோ ஒருத்தியின் தங்கை உட்காருவாள். எதிரில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள். ஒரு குழாயில் ரப்பர் உருண்டையைப் பொருத்தி மேசைமேல் சாய நீர்ப் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆயிரம் தடவை சொன்ன பாடம், பயத்திலும் வாய் தவறாமல் வந்தது.

"இங்க பாருங்க. முதல்ல உருண்டைய அமுக்கணும். அப்புறம் குழாய நீர்ல விடணும். மெதுவா கைய விடணும், தானா ஏறும். வாய் வைக்கக் கூடாது. உங்க காலத்துல இது குடுக்கல. குடுத்திருக்கணும். தப்பு உங்க மேல இல்ல."

உதடுகள் அசையாமல் நின்றன.

மேசைமேல் இருந்த ரப்பர் உருண்டை மெல்லக் குழிந்தது. யாரும் தொடவில்லை. குழாய் எழுந்து புட்டிக்குள் இறங்கியது, உருண்டை மெல்ல உப்பியது. குழாயின் அளவுக் கோடு வரைக்கும் நீர் ஏறி நின்றது, ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

வாய் அணைந்துபோனது.

இத்தனை வருடத்தில் சொன்னதை முதல் தடவையே கேட்டுக்கொண்ட ஆள் இவர் ஒருவர்தான் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

தங்கையின் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. சில வாரம் கழித்து மறுபடி பார்த்தபோதும் ஒன்றுமில்லை. வேறு வேலைக்கு மாறினாள், உடம்பு தேறினாள். அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்த வகுப்பு வேறோர் ஊரில், புதிதாகக் கட்டிய பெரிய மருத்துவமனையில். சுண்ணாம்பு வாசனைகூடப் போகாத கூடம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வழக்கம்போல. முன் வரிசையிலேயே பாதிப் பேர் தூக்கத்தில் சாமியாடிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசைகள் காலி. சாய நீர்ப் புட்டிகள் அட்டைப் பெட்டிக்குள் முத்திரை பிரிக்காமல் இருந்தன. ஊதா விளக்கு வேலை செய்கிறதா என்று பார்க்க அறையை இருட்டாக்கி அதைப் போட்டாள்.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

இந்தக் கேள்விக்கு எந்த ஊரிலும் யாரும் கை தூக்கியதில்லை.

காலி வரிசையில் பச்சையாக ஒரு கை உயர்ந்தது.

அதன் பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பின்னால் இரண்டு. பிறகு கூடத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் கைகள், பொறுமையாக, ஒவ்வொன்றாக உயர்ந்துகொண்டே போயின.

முன் வரிசையில் யாரோ குறட்டை விட்டார்கள். யாருக்கு முதலில் பதில் சொல்வது என்று தெரியாமல் அவள் விளக்கைப் பிடித்தபடி நின்றாள்.