துணைக்குச் சேர்த்த பிள்ளை

மூன்றாவது பள்ளியும் கையை விரித்தபோது, ஆதனின் நெற்றியில் கட்டியிருந்த பதிமானி வழக்கம்போலச் சாம்பல் நிறத்தில்தான் இருந்தது.

பாடம் மனத்தில் பதிந்தால் பதிமானி பச்சையாக ஒளிரும், பதியாவிட்டால் சாம்பல். முன்பெல்லாம் பிள்ளை தலையாட்டினாலே புரிந்துவிட்டது என்று ஆசிரியர்கள் நம்பினார்கள். அந்தப் பெருந்தன்மை இப்போது ஒழிந்துவிட்டது. பள்ளிகள் தங்கள் பச்சையின் அளவை வாசலிலேயே பலகை வைத்துக் காட்டின. அந்தப் பலகையைக் கறுக்கவைக்கும் பிள்ளையை யார் சேர்ப்பார்கள்?

ஆதனுக்கு வயது ஒன்பது. சேர மன்னர்களின் பெயர் என்று பெருமையாக வைத்தார்கள். பழைய அகராதியில் அதற்கு 'அறிவிலி' என்றும் ஒரு பொருள் உண்டென்பதை ஒரு தமிழாசிரியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். அதையும் அந்தப் புண்ணியவான் வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னார்.

அம்மா தாரணி, மருந்துக் கிடங்கொன்றில் பெட்டிகளின் மேல் ஒட்டிய பெயர்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். மகன் ஒரு பக்கமாவது தானாகப் படித்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே வேண்டுதல். நான்காவதாக, கோவையிலேயே பச்சை அதிகம் என்று பெயரெடுத்த பள்ளிக்கு அவனை அழைத்துப் போனாள். கணவன் பிரகதீஷ், "அங்கெல்லாம் நம்ம பையன உள்ளயே விடமாட்டாங்க" என்று முனகிக்கொண்டே கூட வந்தான்.

"பையனுக்குப் படிப்புல ஒரு துணை வேணுங்க மேடம்" என்றாள் தாரணி.

தலைமையாசிரியை ஷர்மிளா ஆதனின் பதிமானியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "துணைக்குங்களா? தாராளமா சேர்த்துக்கறோங்க. ஃபீஸெல்லாம் ஒண்ணும் வேண்டாம். துணைக்குப் பசங்க கெடைக்காம நாங்கதான் அலைஞ்சிட்டிருக்கோம்."

தாரணிக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளையைப் பார்த்து முகம் சுளிக்காத முதல் ஆசிரியை. வீட்டுக்குப் போகிற வழியில் கோயிலுக்குப் போய் உண்டியலில் கையிலிருந்ததைப் போட்டாள்.

ஆதனை மகிழினி என்ற பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். மாதங்கள் போயின. பதிமானி சாம்பலாகவே இருந்தது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று தாரணி பொறுத்தாள்.

பெற்றோர் கூட்டத்தன்று மகிழினியின் அப்பா மைசூர்பாகுப் பெட்டியோடு தேடி வந்தார். "உங்க பையன் மாதிரி ஒரு துணை அமையறதுக்குக் குடுத்து வச்சிருக்கணுங்க. இவன் திணறத் திணற எங்க பாப்பாவுக்கு அப்படியே பதியுதுங்க."

தாரணிக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. விளங்கியதும் பெட்டியை அவர் கையிலேயே திணித்துவிட்டுத் தலைமையாசிரியையின் அறைக்கு ஓடினாள்.

ஷர்மிளா எதையும் மறைக்கவில்லை. மிட்டாய்க்கும் பாராட்டுக்கும் பிரம்புக்கும் அசையாத மூளை, பக்கத்தில் ஒருத்தன் தடுமாறினால் பளிச்சென்று விழித்துக்கொள்கிறது. பதிமானி கண்டுபிடித்துக் கொடுத்த உண்மை அது. அதற்காகத்தான் இங்கே இணைமேசைகள். இடப்பக்கம் உட்காரும் துணை முதலில் படித்துத் திணற வேண்டும். வகுப்பு சிரிக்கும். வலப்பக்கத்துப் பிள்ளைக்கு அந்த வரி ஆயுசுக்கும் மறக்காது.

"துணைக்குன்னு நீங்கதானுங்களே கேட்டீங்க?" என்றார் ஷர்மிளா, உண்மையான ஆச்சரியத்தோடு.

"அப்ப எம்பையனுக்கு யாருங்க துணை?"

"அவனுக்குக் கீழ ஒருத்தன் கெடைக்கணுமில்லீங்க? நாங்களும் தேடிட்டுத்தான் இருக்கோம்."

அன்று மாலை தாரணி மகனை எதிரில் உட்காரவைத்துப் பாடத்தை அவளே படித்தாள். ஆத்திரத்தில் கண்ணில் நீர் கோத்திருந்தது. 'கழுதை பொதி சுமந்தது' என்பதைக் 'கவிதை பொதி சுமந்தது' என்று வாசித்துவிட்டாள்.

ஆதன் சிரித்தான். நெற்றியில் பச்சை மின்னியது. "கவிதை இல்லம்மா, கழுதை! கழுதை பொதி சுமந்தது!"

அவன் தானாகப் படித்த முதல் வரி அது. தாரணி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரியை வேண்டுமென்றே தப்பாகப் படித்தாள்.

தினமும் அப்படித்தான் நடந்தது. சின்னத் தப்புக்கு ஒளிர்ந்த பச்சை, போகப் போகப் பெரிய தப்பு கேட்டது. தப்புக்குப் பிறகு அவள் விழிக்க வேண்டும். அவன் "மக்கு" என்று சொல்ல வேண்டும். சில நாட்களில் தலையில் நறுக்கென்று ஒரு கொட்டும் வைத்தான்.

"என்னடி இது, பெத்த தாயக் கொட்டறான்?" என்றான் பிரகதீஷ்.

"கொட்டட்டும், விடுங்க. படிக்கறானில்ல?"

பள்ளியில் விஷயம் வெளிப்பட்டது. ஆதன் திணறாமல் படித்த அன்று மகிழினியின் பதிமானி மங்கிப்போனது. ஷர்மிளா தாரணியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"துணைக்கு இனி இவன் ஆக மாட்டானுங்க. வலப்பக்கம் வேணா உட்காரவைக்கலாம். ஆனா துணைய நீங்கதான் கொண்டு வரணும்."

தாரணி விடுப்பெடுத்துக்கொண்டு, மகனுக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்தாள். வளர்ந்த பெண் ஒருத்தி முழங்காலை மடக்கிக்கொண்டு எழுத்துக்கூட்டித் திணறுவதைப் பார்த்து வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அத்தனை நெற்றிகளும் ஒரே நேரத்தில் பச்சையாயின. "மொத்த வகுப்புக்கும் நீங்க ஒருத்தரே போதுங்க" என்று ஷர்மிளா கும்பிட்டார்.

எப்போது நடிப்பு நின்றதென்று தாரணிக்கே தெரியாது. கிடங்குக்குத் திரும்பிப் போன ஒரு நாள், மருந்துப் பெயர்கள் கண்முன் கலைந்து கலைந்து ஓடின. தலையில் அடித்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். எழுத்து தெரிந்தது, சொல் சேரவில்லை. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. ஐந்து வயதில் ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு கடைப் பெயர்களை எல்லாம் சத்தமாகப் படித்து வந்தவன் ஆதன். ஒன்றாம் வகுப்பில் ஒரு சொல்லைத் தப்பாகப் படித்தான். வகுப்பு சிரித்தது. அன்றோடு சரி. பிள்ளையிடம் ஒரு குறையும் இருந்ததில்லை. இருந்த படிப்பைச் சிரித்துச் சிரித்து எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

மறுநாள் ஷர்மிளாவிடம் கேட்டாள். "இங்க பச்சை ஏறுனா, அங்க ஒருத்தருக்குக் குறையுதுங்களா?"

"ஆமாங்க" என்றார் ஷர்மிளா. "எங்களுக்குத் தெரியுங்க. ரெண்டு பேருக்கும் வராதுன்னா ஒருத்தருக்காவது வரட்டுமேன்னுதான். நாளையிலிருந்து ஆதன மறுபடி இடப்பக்கம் மாத்திடட்டுங்களா?"

தாரணி தலையை ஆட்டி மறுத்தாள். "வேண்டாங்க. நானே இருக்கறேன்" என்றாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போக இருவரும் காத்திருந்த நிறுத்தத்தில் ஒரு பேருந்து வந்து நின்றது. பலகையில் என்ன எழுதியிருக்கிறதென்று எவ்வளவு முயன்றும் பிடிபடவில்லை. முதலெழுத்து 'சூ'வா 'சோ'வா?

"கண்ணு, இது நம்ம சூலூர் வண்டியாடா?"

ஆதன் பலகையைப் பார்த்தான். சோமனூர் என்று ஒரே மூச்சில் மனத்துக்குள் படித்துவிட்டான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"ஆமாம்மா, சூலூர்தான். சீக்கிரம் ஏறு."

அவள் ஏறினாள். அவன் ஏறவில்லை. வண்டி நகர்ந்தபோது ஜன்னல் வழியே பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். அவன் நெற்றியில் அவ்வளவு பச்சையை அவள் இதுவரை பார்த்ததே இல்லை.

"நிறுத்துங்க! எம்பையன் கீழ நிக்கறான்! சூலூர் போகணுங்க!"

"இது சோமனூர் வண்டிம்மா" என்றார் நடத்துநர். "அத்தத்தண்டி எழுத்துல போட்டிருக்குதே, படிக்கத் தெரியாதா?"

தாரணி தலையைக் குனிந்துகொண்டாள். முன்னிருக்கையில் பள்ளிச் சீருடையில் இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துக் களுக்கென்று சிரித்தார்கள். இருவரின் நெற்றியிலும் பச்சை ஏறியது.