எரிய வைத்துப் பார்க்காத விளக்கு

மழைக்கு ஒதுங்கியவன்தான்... ஆனால் ஒதுங்கிய வேகத்தில், கையில் வைத்திருந்த மரப்பிடி கடையின் கண்ணாடிப் பெட்டியில் போய் இடித்தது.

"ஐயையோ! உடைச்சுடாதீங்க!"

நிமிர்ந்தான். ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்தபடி ஒருத்தி முறைத்துக்கொண்டிருந்தாள். முறைப்புதான். இருந்தாலும் அந்தப் பெரிய கண்களில் கோபம் முழுதாக உட்காரவில்லை. ஓரத்தில் சிரிப்பு முன்பே இடம் பிடித்து வைத்திருந்தது.

"மன்னிச்சுக்குங்க... மழை..."

"மழையா வந்து இடிச்சுது?"

பேட்டரி, ஒயர், எல்.இ.டி. விற்கும் சின்னக் கடை அது. கடை முதலாளியின் மகள் அவள். அன்று அப்பா சரக்கு எடுக்கப் போயிருந்ததால் தனியாக இருந்தாள். அவன் மரக்கடைசல் பட்டறைக்காரன். தலைமுடியில் மரத்தூள், மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்டால் கட்டிய ஆறு பென் பேட்டரிகளை எடுத்து வைத்தான். உள்ளங்கையை விரித்தான். பொத்தான் அளவில் ஓர் எல்.இ.டி.

"ஒதுங்கினதுதான் ஒதுங்கினேன், கேட்டுடறேன். இந்த பேட்டரியைக் கொடுத்தா இது எரியுமாங்க?"

"எரியும். ஒரே ஒரு தடவை."

"அப்புறம்?"

"அப்புறம் சட்டையில தைச்சுக்கலாம். எதுக்கு இது?"

"இந்தப் பிடியில பொருத்தி ஒளிவாள் செய்யத்தான். எங்க அக்கா ஒரு நாடகம் போடறாங்க. வில்லன் நான்."

அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். இந்த முகமா வில்லன்?

"உங்களுக்கு ஆறு பேட்டரி வேண்டாம். பெருவிரல் பருமன்ல ஒரு லித்தியம் பேட்டரி போதும். கூட ஒரு டிரைவர்."

"டிரைவரா? வாள்தாங்க செய்யறேன், பஸ் இல்ல."

சிரித்துவிட்டாள். வாடிக்கையாளர்முன் அப்படிச் சிரிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"பேட்டரி புதுசா இருக்கும்போது முரட்டுத்தனமாத் தள்ளும். போகப் போகச் சோர்ந்துடும். டிரைவர் நடுவுல நின்னு, எல்.இ.டி. தாங்கற அளவு கரண்டைத்தான் உள்ள விடும். எப்பவும் ஒரே அளவு."

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். விளக்கம் சொல்லத் தொடங்கினாலே செல்போனைப் பார்க்கிற மனிதர்களையே பார்த்துப் பழகியவள் அவள். இவன் ஒரு சொல்லையும் கீழே விழவிடாமல் கேட்டான்... மழை நின்றது இரண்டு பேருக்குமே தெரியவில்லை. பேட்டரியையும் ஓர் ஆம்பியர் டிரைவரையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான்காம் நாள் காலை, கடைக்குள் அப்பாவின் குரல் உயர்ந்தது. உயரும் குரல் இல்லை அது.

"எங்க கடையில எரிய வைச்சுப் பார்க்காம ஒரு பல்பைக்கூடக் கொடுக்க மாட்டோம், தம்பி. எங்கப்பா காலத்துலேருந்து அதான் வழக்கம்."

உள்ளறையிலிருந்து வந்தவள் அப்படியே நின்றாள். அவன்! வலது கையில் கட்டு. மேஜைமேல் அந்த மரப்பிடி, உட்புறம் கருகி.

"பத்து நிமிஷத்துல பிடி கொதிச்சிடுச்சுங்க ஐயா. ஒத்திகை நடுவுல விட முடியல."

"என்ன நிறத்துல எரிஞ்சுது?" என்று கேட்டாள் அவள்.

"சிவப்பு."

சிவப்பு... நீலமென்றே நினைத்து அவள் கொடுத்தது நீலத்துக்குப் பொருந்தும் டிரைவர். நீல எல்.இ.டி. பேட்டரியின் பலத்தைப் பெரும்பாலும் தானே வாங்கிக்கொள்ளும். சிவப்புக்குப் பாதிக்குச் சற்று மேல் போதும். மிச்சத்தை அந்த டிரைவர் சூடாக்கித் தள்ளும். மரத்துக்குள் அடைபட்ட சூடு எங்கே போகும்? எரியாதபோது நீலமும் சிவப்பும் ஒன்றுபோலத்தான் நிறமில்லாமல் நீர்த்துளியாய் இருக்கும். ஒரு நொடி எரிய வைத்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் எரிய வைக்கவில்லை.

"ஒயரை மாத்திப் பொருத்தியிருப்பீங்க," என்றார் அப்பா.

அவன் அவளைப் பார்த்தான். வெளுத்த அவள் முகத்தையும் பார்த்தான்.

"இருக்கும் ஐயா. எனக்கு மரம்தான் தெரியும். தப்பு என்னோடதுதான்."

"அதானே!" அப்பாவின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. கடையில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள் தலையாட்டினார்கள். அவன் மரப்பிடியை இடது கையால் எடுத்துக்கொண்டு படியிறங்கத் திரும்பினான்.

வாயை மூடிக்கொண்டால் தாத்தா காலத்துப் பெயர் பிழைத்துவிடும். நாலு பேர் முன்னால் அப்பா தலைகுனிய வேண்டாம். ஆனால் சுட்ட கையோடு, அவளுடைய தவற்றையும் சுமந்துகொண்டு அவன் போகிறான்... இனி இந்தப் பக்கம் எதற்கு வருவான்? அடுத்தவன் தலையில் பழியை வைத்துக் காப்பாற்றிய பெயரும் ஒரு பெயரா?

"அப்பா... தப்பு அவரோடது இல்ல. நான்தான் எரிய வைச்சுப் பார்க்காமக் கொடுத்துட்டேன்."

அப்பா அவள் பக்கம் திரும்பினார்.

"ஆறு வருஷமா இந்த மேஜையில உக்கார்றே. ஒருநாள் விட்டதில்லையேம்மா! விளக்கைப் பார்க்காம வேற எதைத்தான் பார்த்துட்டிருந்தே?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"...அவரைத்தாம்பா."

ஒரு வாடிக்கையாளருக்குத் திடீரென்று ஒயர்ச் சுருளின் லேபிளைப் படிக்க வேண்டியதாயிற்று. மற்றவர் குடையைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

அப்பா மகளைப் பார்த்தார். பிறகு படியில் நின்றவனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, தப்பு எங்க கடையோடது. மன்னிக்கணும்." அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. "உக்காருங்க. மிச்சத்தைச் சூடாக்காத டிரைவர் வேற வகை இருக்கு. பிடிக்குள்ள அலுமினியக் குழாய் ஒண்ணும் வைச்சுத் தர்றேன்."

முதுகைக் காட்டிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தார்.

"எதுக்குப் பழியை நீங்க எடுத்துக்கிட்டீங்க?" என்று மெல்லக் கேட்டாள் அவள்.

"உங்க முகம் அப்படி ஆனதை என்னால பார்க்க முடியல."

"இவ்வளவு தூரம் வராம வேற கடையில வாங்கியிருக்கலாமே..."

"பட்டறைக்கு எதிர்லயே கடை இருக்குங்க." கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சுட்டப்போ வலிச்சுது. ஆனா, இங்க திரும்பி வர ஒரு காரணம் கிடைச்சுதேன்னுதான் முதல்ல தோணுச்சு. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அக்காகிட்டயும் சொல்லிட்டேன். அவங்க வந்து உங்க அப்பாகிட்ட பேசலாமா?"

அவள் கண்கள் தாழ்ந்தன... பிறகு தாமாகவே உயர்ந்தன.

"வரச் சொல்லுங்க. ஆனா அப்பாகிட்டதான் நானே சொல்லிட்டேனே..."

மேஜையிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. அப்பா திரும்பவே இல்லை. இரண்டு ஒயரைப் பற்றவைக்க அவ்வளவு நேரம் ஆகாது.