மேஜையில் வைக்காத சட்டை

அவளுக்கு வீட்டிலும் பள்ளியிலும் ஒரே பெயர்தான்: கேள்வி. வாயைத் திறந்தால் வேறென்ன வரும்? "பந்து ஏன் உருண்டையா இருக்கு?" என்று கேட்டு, "உன்கிட்ட மாட்டிக்காம ஓடத்தான்" என்று அப்பாவிடமே பதில் வாங்கியவள் அவள்.

கண்டத்து நாடுகளின் பெண்கள் அணிகள் மோதும் கால்பந்துக் கோப்பை அந்த ஆண்டு அவள் ஊரில் நடந்தது. கேள்விக்கும் அதில் ஒரு வேலை கிடைத்திருந்தது. கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, வெளியே வரும் பந்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். பந்து எடுக்கும் பிள்ளைகளுக்குப் பொறுப்பு அவள் பள்ளியின் விளையாட்டு டீச்சர். விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் விசில் டீச்சர்.

"நான் சொல்றதைத் தவிர எதையும் செய்யக்கூடாது. மீறினா ஃபைனலை வீட்டுல டிவியிலதான் பார்க்கணும்" என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஃபைனல் அன்று மைதானத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வியின் ஆசை. அதற்காக வாயைக்கூட கொஞ்சம் மூடி வைத்திருந்தாள்.

அரையிறுதி நாள் வந்தது. கேள்வியின் நாடு ஆடும் ஆட்டம். அவள் அம்மா மைதானத்தின் தையல்காரர். ஜெர்சியில் நம்பர் தைப்பது, கிழிந்ததைச் சரிசெய்வது எல்லாம் அவர் வேலை. காலையில் அம்மாவோடு போன கேள்வி, ஒரு நீள மேஜையில் சட்டைகள் வரிசையாக இருப்பதைப் பார்த்தாள்.

"ஏம்மா இதையெல்லாம் பரப்பி வெச்சிருக்காங்க?"

"ஒரு டீம் சட்டை மாதிரி இன்னொண்ணு இருந்தா குழப்பம்தானே? அதான் எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கிறாங்க."

நல்லவேளை பார்த்தார்கள். நம் அணிக்கும் வெள்ளை, வந்த அணிக்கும் வெள்ளை. வந்தவர்கள் தங்கள் இரண்டாவது சட்டையைப் போட வேண்டியதாயிற்று. அது ஆரஞ்சு. நடுவர் தன் கறுப்புச் சட்டையையும் வைத்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

கேள்வி தன் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினாள். பந்து எடுக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் கையில்லாத அந்த மேல்சட்டைகளை அம்மாதான் தைத்திருந்தார். வெளியே ஆரஞ்சு, உள்ளே கருநீலத் துணி.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே நம் அணி ஒரு கோல் போட்டது. மைதானமே எழுந்து குதித்தது.

வந்த அணியின் பதினொன்றாம் நம்பர் அக்கா, பந்தோடு ஓடினால் பிடிக்க ஆளில்லை. ஆனால் திடீரென்று அவர் பந்தைக் கோட்டுக்கு வெளியே தள்ளினார். அது நேராகக் கேள்வியின் காலடிக்கு வந்து நின்றது. எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அடுத்த முறை, கொஞ்சம் தள்ளிப் பந்து எடுக்க நின்ற, தொப்பியைக் கழற்றவே கழற்றாத அவள் தோழி தொப்பியிடம் போனது. பதினொன்று தலையில் அடித்துக்கொண்டார். அவருடைய கோச் கோபமாகக் கத்திவிட்டு, வேறொரு ஆட்டக்காரரைக் கோட்டோரம் ஓடித் தயாராகச் சொன்னார்.

ஏன்? கேள்விக்கு மண்டை குடைந்தது.

அவர் பந்தைத் தள்ளும் முன் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓரக்கண்ணால் மட்டும் பார்க்கிறார். கேள்வியும் அதைச் செய்து பார்த்தாள். எதிரே இருந்த கொடியையே உற்றுப் பார்த்தபடி, ஓரக்கண்ணால் தொப்பியைக் கவனித்தாள். முகம் தெரியவில்லை. தலையில் இருந்த தொப்பியும் தெரியவில்லை. நிறம் மட்டும் தெரிந்தது.

ஆரஞ்சு!

இடைவேளையில் தொப்பியிடம் ஓடினாள். "பதினொண்ணு நம்மளைத் தன்னோட டீம்னு நினைச்சுட்டாங்க!"

"நினைக்கட்டுமே! நமக்குத்தானே லாபம்? நீ எந்த நாட்டுக்காரி?"

நம் அணி ஜெயிக்க வேண்டும் என்று அவளும் நேற்றெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தாள். ஆனால் தலையில் அடித்துக்கொண்ட அந்த அக்காவின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. டீச்சரைத் தேடினாள், காணவில்லை. அணிகள் திரும்பி வந்துவிட்டன.

அவள் மேல்சட்டையைக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பி மாட்டிக்கொண்டாள்.

எங்கிருந்தோ விசில் காதைக் கிழித்தது. டீச்சர் வேகமாக வந்தார். "யாரைக் கேட்டு மாத்தினே?"

கேள்வி எதிரே இருந்த கொடியைக் காட்டினாள். "டீச்சர், அந்தக் கொடியை மட்டும் பாருங்க. திரும்பாதீங்க. ஓரக்கண்ணுல ரெண்டு ஆரஞ்சு தெரியுதா? அதுல தொப்பி எது, ஆட்டக்காரங்க எது?"

டீச்சர் கொடியைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார்.

"இடது பக்கம் தொப்பி."

"இல்ல டீச்சர். அது அவங்க கோச் தயாராகச் சொன்ன ஆட்டக்காரங்க."

டீச்சர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு விசிலை ஊதினார். "எல்லாரும் சட்டையைத் திருப்பிப் போடுங்க! சீக்கிரம்!"

இரண்டாம் பாதியில் பதினொன்றின் பந்து ஒன்றுகூட வழி தவறவில்லை. அவர் கொடுத்த பந்தில் ஒரு கோல் விழுந்தது. கடைசி நேரத்தில் இன்னொன்றை அவரே போட்டார். நம் அணி தோற்றுவிட்டது.

கேள்வி அழுதாள். தொப்பி அவளிடம் முகம் கொடுத்துப் பேசாமலே வீட்டுக்குப் போனாள்.

"நான் செஞ்சது தப்பாம்மா?" என்று கேள்வி வழியில் கேட்டாள்.

அம்மா அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். "அந்தப் பதினொண்ணோட ஆரஞ்சுச் சட்டை காலையில கிழிஞ்சுபோய் என்கிட்ட வந்துச்சு. நானும் ஒழுங்காத்தான் தைச்சுக் கொடுத்தேன். அப்போ பாதித் தப்பு என்னோடது."

அழுகைக்கு நடுவே கேள்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஃபைனல் அன்று காலை. கேள்வியும் பெயர்ப் பட்டியலில் இருந்தாள். தையல் அறைக்குள் நுழைந்தால், அங்கே தொப்பி.

"பேச மாட்டேன்னுதான் நினைச்சேன். ஆனா வீட்டுல டிவி பார்த்துக்கிட்டே நானும் ஓரக்கண்ணுல பார்த்தேன். எங்க அண்ணனும் தலகாணியும் ஒரே மாதிரி தெரிஞ்சாங்க" என்றாள்.

"இங்க வாங்க ரெண்டு பேரும்" என்று டீச்சர் கூப்பிட்டார்.

நீள மேஜை. இரண்டு அணிகளின் சட்டைகள், கோல்கீப்பர்களின் சட்டைகள், நடுவரின் சட்டை. அவற்றின் கடைசியில், சின்னதாக, கையில்லாத ஒரு மேல்சட்டை.

கேள்வி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனம் நிறைந்து போயிருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"டீச்சர், கோலுக்குப் பின்னாடி போட்டோ எடுக்கிறவங்களும் மேல்சட்டை போடுவாங்களே. அது என்ன கலர்?"

டீச்சர் நடுவரைப் பார்த்தார். நடுவர் மேஜையைப் பார்த்தார். அடுத்த நொடி டீச்சர் விசிலை வாயில் வைத்தபடி வாசலை நோக்கி ஓடினார்.