நாலாவது தடவை

பன்னிரண்டு நாள் ஆகியும் தொட்டியில் மிதந்த செவ்வந்தி வாடவில்லை.

ஆலன் என்கிற அந்த அமெரிக்க ஊரில் அன்றைக்கு வெயில் நூற்று நான்கு டிகிரி. குருவிக்கு வைத்த கிண்ணம் மத்தியானத்துக்குள் காய்ந்து கிடந்தது. இந்தக் கல்தொட்டியில் மட்டும் தண்ணீர் விட்டது விட்டபடி, விளிம்பிலிருந்து ஒரு விரற்கடைகூட இறங்காமல் நின்றது. யாமினிக்கு அது பிடிக்கவில்லை.

வீட்டோடு வந்த தொட்டி அது. இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்து சர்ச்சில் எண்ணூறு வருஷம் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த தொட்டியாம். சர்ச் கட்டடத்தை இடித்தபோது, இந்த வீட்டை விற்ற கிழவர் அதை வாங்கிக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, வீட்டுக்குப் பின்னால் கல் பாவிய பேட்டியோவில் நிறுத்தியிருக்கிறார். இடுப்பு உயரம். மேலே கனத்த மரமூடி, இரும்புப் பட்டை, பெரிய பூட்டு. சாவி கேட்டதற்கு, திறக்கத் தேவையிருக்காது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார் மனுஷன்.

யாமினியின் புருஷன் மதன் இதையெல்லாம் கேட்கிற ஆளா? குழந்தை கயலுக்குப் பேர் வைக்கிற அன்று பூ மிதக்கவிட அம்சமாக இருக்கும் என்று பூட்டை வெட்டி எறிந்தான். அடியில் இருந்த ஓட்டையில் பழைய துண்டைத் திணித்துத் தண்ணீர் நிரப்பினார்கள்.

காதில் பேர் சொல்ல அத்தை வேண்டுமே. விசா கிடைத்துக் கோயம்புத்தூரிலிருந்து மதனின் அக்கா வான்மதி வந்து சேர்வதற்குள் குழந்தைக்கு ஐந்து மாசம் ஆகிவிட்டிருந்தது. தொட்டி ஓரமாக நின்று, குழந்தையை ஏந்திக்கொண்டு, "கயல், கயல், கயல்" என்று காதில் சொன்னாள். நிமிர்ந்தவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நான் மூணு தடவதான்டா சொன்னேன். நாலாவது தடவ சொன்னது யாரு?"

"கல்லுதான், அக்கா. எக்கோ அடிக்குது," என்றான் மதன்.

எல்லோரும் சிரித்தார்கள். குழந்தையும் சிரித்தது. அத்தையைப் பார்த்தல்ல, தொட்டிக்குள் பார்த்து.

வான்மதி ஊருக்குத் திரும்பிவிட்டாள். இப்போது காலனியை நடத்தும் ஹெச்.ஓ.ஏ.காரர்களிடமிருந்து கடிதம். தண்ணீர் தேங்கியிருக்கிறது, கொசு வரும், உடனே அகற்றவும். சரி, இதை விட்டால் நேரம் கிடைக்காது என்று கயலைத் தூங்க வைத்துவிட்டு, தொட்டில் கேமரா ஓடிக்கொண்டிருந்த போனை விளிம்பில் வைத்துவிட்டு, யாமினி வலது கையைத் தண்ணீருக்குள் விட்டாள். அந்த வெயிலிலும் ஐஸ் மாதிரி இருந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடையும், அப்போதுதான் யாரோ ஊதி அணைத்த மெழுகுவர்த்தி வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின. அடியில் துண்டு கைக்குத் தட்டுப்பட்டது. இழுத்ததும் வந்துவிட்டது. தண்ணீர் மட்டும் இறங்கவில்லை.

அடைப்பாக இருக்கும் என்று இரண்டு விரலை ஓட்டைக்குள் விட்டாள். ஓட்டையே இரண்டு விரல் அகலம்தான். மணிக்கட்டு வரைக்கும் எப்படி உள்ளே போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

இழுத்தாள். வரவில்லை.

"கடவுளே, இதென்ன கூத்து," என்று சிரித்தும்விட்டாள். வளையல் மாட்டியிருக்கும். சோப்பு போட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சோப்பு சமையலறையில். நான்கு எட்டு தூரம், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம். காலைக் கல்லில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தபோதுதான் உறைத்தது. வளையல் இடது கையில் இருந்தது.

உள்ளே ஏதோ அவளுடைய விரல்களின் நடுவே விரல்களைக் கோத்தது. நிதானமாக. ஒவ்வொன்றாக. ஐந்துக்கு மேலும் கோத்தது.

அவள் கத்தினாள். எட்டடி வேலி. ஏசி கம்ப்ரசரின் இரைச்சல். பக்கத்து வீடுகளில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். இடது கையால் எப்படியோ தடவி மதனைக் கூப்பிட்டாள்.

"மதன், சீக்கிரம் வா! கை மாட்டிக்கிச்சு. கல்தொட்டிக்குள்ள. உள்ள யாரோ புடிச்சு இழுக்கறாங்க!"

"யாமி, மீட்டிங்ல இருக்கேன். விளையாடாத."

"விளையாடல! பாப்பா உள்ள தனியா இருக்கா. 911 கூப்டு, ப்ளீஸ்!"

"தனியாவா? நான் கேமராவத்தான பாத்துட்டிருக்கேன்." அவன் சிரித்தான். "நீதான அவளைத் தூக்கி வெச்சிருக்க. தலையக்கூடத் துவட்டாம இப்படியா சொட்டச் சொட்ட நிப்ப? பாப்பாக்குச் சளி புடிக்கப் போகுது. வெக்கறேன்."

போன் கை நழுவிப் பேட்டியோ தரையில் விழுந்தது. காலை நீட்டிப் பார்த்தாள். எட்டவில்லை.

திரையில் மறுபடி கேமரா. தொட்டில் காலி.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிழல் அசைந்தது. யாமினி நிமிர்ந்து பார்த்தாள்.

அவளேதான். அதே நீல டிஷர்ட். முடியிலிருந்து, விரல் நுனியிலிருந்து தண்ணீர். தோளில் கயல், பாதித் தூக்கத்தில்.

"வேண்டாம். என் பிள்ளைய விட்டுரு. கயல்! கயல்! அம்மா இங்க இருக்கேன்டா!"

குழந்தை திரும்பவில்லை. காலையில்கூட அந்தப் பேருக்குத் திரும்பிய குழந்தை.

உள்ளே நின்றவள் கயலின் காதருகே குனிந்தாள். உதடு அசைந்தது; குரல் தொட்டித் தண்ணீருக்குள்ளிருந்து கேட்டது. ஒரு பேர். கயல் இல்லை. யாமினி பிறந்ததிலிருந்து கேட்டிராத ஒரு பேர்.

ஒரு தடவை.

இரண்டு தடவை.

யாமினியின் முழங்கையைக் கல் விழுங்கியது. முகம் தண்ணீரைத் தொட்டது.

மூன்று தடவை.

வாயை இறுக்க மூடினாள். மூட முடியவில்லை. கல்லுக்குள்ளிருந்து ஒரு குரல் கைவழியே ஏறி, தொண்டைவழியே வர, அந்தப் பேரை நாலாவது தடவை சொன்னது யாமினியின் வாய்.

குழந்தை திரும்பி, தொட்டியைப் பார்த்துச் சிரித்தது.